கடல் விட்டுவைத்த குழந்தை

கடல்கோள் என்னுஞ் சொல் தமிழிலக்கிய வரலாறு கற்றார் எவர்க்கும் பழக்கமானது. இறையனார் களவியலுரை முச்சங்க வரலாறு கூறுமிடத்துத் தலைச்சங்கமிருந்த மதுரையைக் கடல் கொண்டதென்றும், இடைச்சங்க காலத்திற் பாண்டிநாட்டைக் கடல் கொண்டதென்றும் குறிப்பிடுகின்றது. அவ்வுரை நமக்கு எண்ணிக் காட்டுவன யாவை? தலைச்சங்கம் நிலவிய ஆண்டுகள் 4440. அதனைப் புரந்த அரசர் 89 பேர். பாடினோர் 4449 பேர். பாடப்பட்ட நூல்களின் பெயர்களும் உள. அந்நகரைக் கடல் கொண்ட நாளில் அதன் தெருக்களிலே மணல்வீடு கட்டிக்கொண்டிருந்தோர் எத்தனை பேர், அவருள் எஞ்சியவர் பின்னர் எங்ஙனம் வாழ்ந்தனர் என்பதற்கு அங்கே இடமில்லை. இலக்கண நூலொன்றன் வரலாறு கூற எழுந்த உரையிடம் இதனை எதிர்பார்த்தல் முறையன்று என்பது உண்மையே. அவ்வெண்களை வரலாற்றுண்மையாகக் கொள்வாரும் இன்று அரியர். ஆயினும் ஒரு சமுதாயம் தான் இழந்ததைக் கணக்கிடும்போது எதனைக் கணக்கிட்டது என்பதை அவை காட்டுகின்றன. நூல்கள் கணக்கில் வந்தன. குழந்தைகள் வரவில்லை.

இதற்குப் புறநடையாக நிற்பது மணிமேகலை. காவிரிப்பூம்பட்டினம் கடல் கொள்ளப்பட்டமைக்குச் சாத்தனார் காட்டும் காரணத்தைப் பலரும் இந்திரவிழா நடவாமை என்று ஒரு தொடரிற் கூறிவிட்டு அப்பாற் செல்வர். விழா ஏன் நடவாதொழிந்தது என்பதே கருதத்தக்கது. நெடுமுடிக்கிள்ளி என்னுஞ் சோழன் நாகநாட்டு மங்கை பீலிவளையைக் கூடினான். அவள் அவனை நீங்கிச் சென்று புதல்வனைப் பெற்றாள். மணிபல்லவத்திலே தங்கிய கம்பளச் செட்டியின் மரக்கலத்திற் குழந்தையை ஒப்புவித்துத் தந்தையிடம் அனுப்பினாள். அன்றிரவே கலம் உடைந்தது. குழந்தை என்னவாயிற்று என்பது தெரியவில்லை. அரசன் மகனைத் தேடித் திரிந்தான், விழாவை மறந்தான், நகரம் கடலுள் மறைந்தது. (மணிபல்லவம் நயினாதீவே என்பது நம்மவருட் பலர் கொள்கை. அஃது உண்மையாயின் இக்கதையின் தொடக்கம் நம் வீட்டு வாசலிலேயே அமைகின்றது.) கடலிலே தொலைந்த ஒரு குழந்தையின் பொருட்டே ஒரு மாநகரம் அழிந்தது என்னும் இவ்வமைப்பு எளிய கற்பனையன்று. குழந்தையின் இழப்பு ஒரு வீட்டோடு நில்லாது, ஊரின் ஒழுங்கையே குலைக்கும் என்பதைச் சாத்தனார் கண்டிருக்கின்றார்.

ஆனால் அக்குழந்தை காப்பியத்தினின்றும் நழுவிப் போகின்றது. அதனைக் கரையேற்றியவர் நச்சினார்க்கினியர். பெரும்பாணாற்றுப்படைக்கு உரை வகுத்தபோது, அப்பாட்டுடைத் தலைவனாகிய தொண்டைமான் இளந்திரையன் நாகக் கன்னி பயந்த மகனென்றும், தொண்டைக்கொடியை அடையாளமாகக் கொண்டு திரையால் உந்தப்பட்டுக் கரை சேர்ந்தவனென்றும், அதனால் திரையன் எனப் பெயர் பெற்றானென்றும் அவர் கதை கூறுவர். இருவரையும் ஒருவராகக் கொண்ட அறிஞரும் உளர். அது பொருந்துமோ பொருந்தாதோ, நமக்கு வேண்டுவது வேறொன்று. கடல் விட்டுவைத்த குழந்தைக்குத் தமிழ் மரபு ஒரு கொடியைக் கொடுத்தது. ஒரு பெயரைக் கொடுத்தது. ஒரு நாட்டையுங் கொடுத்தது. அவன் திரையொலி கேட்டால் என் செய்தான் என்று மட்டும் கேட்டிலது.

கேட்டதற்கு அணுக்கமாக ஓரிடம் உண்டு. சிலப்பதிகாரத்து அடைக்கலக் காதையில், கோவலனின் முன்னோன் ஒருவன் கலம் உடைந்து கடலிலே தத்தளித்தபோது மணிமேகலா தெய்வம் அவனைக் காத்த வரலாறு வருகின்றது. கோவலன் தன் மகளுக்கு அத்தெய்வத்தின் பெயரையே இடுகின்றான். பிழைத்தவன் போய் எத்தனையோ காலமாயிற்று. எனினும் அவன் கடலிற் கழித்த நாட்கள் அக்குடியிற் பிறந்த ஒரு பெண்குழந்தையின் பெயராக நிற்கின்றன. பேரிடர் ஒன்றன் நெடுங்காலப் பயன் என்று இக்காலத்து ஆய்வாளர் பல நூற்றுப் பக்கங்களில் விரிப்பதை இளங்கோவடிகள் ஒரு பெயரிலே அடக்கியிருக்கின்றார்.

இப்பழங்கதைகளை இன்று எடுத்தோதுவதற்குக் காரணமுண்டு. 2004ஆம் ஆண்டு மார்கழித் திங்கள் 26ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை, பௌர்ணமி விடுமுறை நாளின் காலைப்பொழுதிலே, சுமாத்திராவை அடுத்த கடலடியில் எழுந்த பூகம்பத்தின் பேரலைகள் இலங்கைக் கரையைத் தாக்கின. இந்நாட்டில் 30,000க்கு மேற்பட்டோர் மாண்டனர். யாழ்ப்பாணக் குடாநாட்டிலே பருத்தித்துறை தொடக்கம் மணற்காடு, மருதங்கேணி, உடுத்துறை முதலிய வடமராட்சிக் கிழக்கு ஊர்கள் ஈறாகக் கடலோரம் சிதைந்தது. முல்லைத்தீவு அதனிலும் பெரிதாக அழிந்தது. வலிகாமத்தின் மேற்குப் புறத்தேயுள்ள நம் பண்டத்தரிப்பு அவ்வழிவுக்குத் தப்பியது. மாதகற் கரை நமக்கு அண்மையதே. ஆயினும் அலையின் முழு வேகம் இப்பக்கம் திரும்பவில்லை. தனுஷ்கோடியை அழித்த 1964ஆம் ஆண்டு மார்கழிப் புயலைக் கண்ட முதியோர், அதனைக் கொண்டு ஆண்டு கணிக்கும் வழக்கமுடையர். 2004க்குப் பின்னர் அவ்வழக்கமும் குறைந்தது. நாம் தப்பியவர், ஆதலின் வந்தவர்களை ஏற்றவர். இக்கட்டுரை ஏற்றவன் நிலையினின்று எழுதப்படுவது.

2005ஆம் ஆண்டு தொடக்கத்தில் யான் கற்பித்த வகுப்பிலே வடமராட்சிக் கிழக்கிலிருந்து வந்து தாய்மாமன் வீட்டிலே தங்கிய சிறுவன் ஒருவன் சேர்ந்தான். அவன் இழந்தவர் யாவர் என்பதை யான் அறிவேன். அவனும் யான் அறிந்தமையை அறிவான். மாசி மாதத்திலே, வழக்கமான பட்டியலைப் பார்த்து, கட்டுரைக்குத் தலைப்பொன்றைக் கரும்பலகையில் எழுதினேன்: ‘கடற்கரையில் ஒரு மாலை’. எழுதி முடித்துத் திரும்பியபோதுதான் செய்ததை உணர்ந்தேன். அழிப்பதா விடுவதா என்று தடுமாறி, அழித்தால் எல்லோரும் அவனையே நோக்குவர் என அஞ்சி, விட்டுவிட்டேன். அவன் எழுதித் தந்தான். செங்கதிரோன் மேல்வானிலே மறைந்தான். அலைகள் கரையைத் தழுவின. சிறுவர் சிப்பி பொறுக்கினர். நண்டுகள் வளையுள் ஒளித்தன. யாம் மகிழ்வோடு வீடு திரும்பினோம். எழுத்துப்பிழை இரண்டு. வகுப்பிலுள்ள மற்றை முப்பது கட்டுரைகளுக்கும் அதற்கும் வேற்றுமை யாதும் இல்லை. சிறுவன் தேறிவிட்டான் என்று யான் மனம் ஆறினேன்.

அம்முடிபு தவறு என்பதைச் சின்னாளில் அறிந்தேன். தவறு எது என்பதை அறிய நெடுநாள் சென்றது.

அதே காலத்திலே மணற்காட்டிற்கு வேறு சிலர் வந்தனர். ஜெர்மனி நாட்டு உளவியலாளர் நொய்னர், சவர், கட்டானி முதலியோர், அலை வந்து மூன்று நான்கு வாரங்களுள், மணற்காடு, கொஸ்கொட, காலி ஆகிய மூவிடங்களில் 8 வயது முதல் 14 வயது வரையுள்ள 264 பிள்ளைகளை வினாவி, 2006இல் முடிபு வெளியிட்டனர். நெருக்கீட்டுக்குப் பிற்பட்ட மனவடு நோய் என வகுக்கத்தக்க நிலையில் இருந்தோர், இடத்துக்கேற்ப, நூற்றுக்கு 14 தொடக்கம் 39 வரை எனக் கண்டனர். விதைத்து மூன்று வாரத்திலே விளைச்சலை அளப்பது போன்றதே இது என்று சொல்லத் தோன்றும். ஆனால் அவ்வாய்விலே தொகையைக் காட்டிலும் கருதத்தக்க செய்தியொன்றுண்டு. எப்பிள்ளைக்கு நோய் கடுமை என்பதை உறுதிசெய்தவற்றுள் கண்ட காட்சியின் கொடுமை ஒன்று; குடும்பத்தாரை இழந்தமை ஒன்று; அலைக்கு முன்னரே அப்பிள்ளை பட்ட துன்பங்கள் மற்றொன்று. அதாவது, கடல் வந்தபோது எல்லாப் பிள்ளைகளும் ஒரே நிலையில் நின்றிலர். மணற்காட்டுப் பிள்ளைக்கு அலை முதலாவது ஆசிரியனன்று. போர் முன்னமே பாடம் தொடங்கியிருந்தது.

அக்குழுவினரே 2008இல் வெளியிட்ட இன்னொரு கட்டுரை நமக்கு இன்னுங் கசப்பானது. வடகிழக்குத் தமிழ்ப் பாடசாலைப் பிள்ளைகள் 296 பேரை வினாவியபோது, நூற்றுக்கு 82 பேருக்கு மேல் போரின் கொடுமையொன்றையாவது அனுபவித்திருந்தனர். நூற்றுக்கு 95 பேருக்கு மேல் தம் வீட்டினுள்ளேயே அடி, வசை முதலிய வன்மையொன்றையாவது கண்டோ பட்டோ இருந்தனர். மனவடு நோய் நூற்றுக்கு 30 பேரளவிலும், மனச்சோர்வு நோய் 20 பேரளவிலும் காணப்பட்டன. தந்தையின் குடியும், பிள்ளை முன்பு போருக்கு ஆளானமையும் வீட்டு வன்மையோடு தொடர்புற்றிருந்தன. இக்கட்டுரையின் தலைப்பிலே குடும்ப வன்மை, போர், இயற்கைப் பேரிடர் என்னும் மூன்றும் அவ்வரிசையிலேயே நிற்கின்றன. யான் அதனை முதன்முறை வாசித்தபோது வரிசை பிறழ்ந்ததோ என எண்ணினேன். பிறழவில்லை. ஆசிரியர் பிரம்பும் அவ்வன்மையிற் சேர்க்கத் தக்கதே என்பதை இப்பக்கங்களைப் படிப்போர் தத்தம் மனத்துள் எண்ணிக்கொள்வார்களாக.

நீண்டகாலம் கழித்து நோக்கிய ஆய்வுகள் பிற நாடுகளில் உள. அவுஸ்திரேலியாவிலே 1983ஆம் ஆண்டு மாசி மாதத்துக் காட்டுத்தீக்கு ஆளான பாடசாலைப் பிள்ளைகள் 806 பேரை மக்பர்லேன் என்பார் ஆராய்ந்தார். இருபது ஆண்டு கழிந்து, அவர்களுட் கண்டறியக்கூடியோரைத் தீக்கு ஆளாகாதவரோடு ஒப்பிட்டார். பெரும்பாலான நோய் வகைகளில் இரு சாராருக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடில்லை. ஐக்கிய அமெரிக்காவிலே மேற்கு வேர்ஜீனியா மாநிலத்து எருமைச் சிற்றாற்றில் 1972இல் நிலக்கரிக் கழிவணை உடைந்து 125 பேர் மாண்டனர். (அஃது இயற்கையின் செயலா, மனிதரின் அசட்டையா என்பது நீதிமன்றம் வரை சென்ற வழக்கு.) அவ்வெள்ளத்திற் பிழைத்த பிள்ளைகளைப் பதினேழு ஆண்டின் பின் மீண்டும் கண்டபோது மனவடு நோயில் இருந்தோர் மிகச் சிலரே.

இம்முடிபுகளைக் கேட்டதும், ‘காலம் எல்லாவற்றையும் ஆற்றும், பிள்ளைகள் மறந்துவிடுவர்’ என்று மகிழ்வார் உளர். அவர் விடும் செய்தி ஒன்றுண்டு. அவுஸ்திரேலியப் பிள்ளைக்குத் தீ அணைந்த பின் பாடசாலை இருந்தது; வீடு மீளக் கட்டப்பட்டது; அடுத்த ஆண்டு குண்டு விழவில்லை. எருமைச் சிற்றாற்று மக்களைப் பற்றிக் கை எரிக்சன் என்னும் சமூகவியலாளர் 1976இல் எழுதிய நூலிலே, வெள்ளத்தினும் பெரிய கேடு அதன் பின் நேர்ந்ததென்று காட்டுவர். அரசினர் அவர்களை அயலவர் யார், உறவினர் யார் என்று பாராது தற்காலிகக் குடியிருப்புகளிலே கலைத்து வைத்தனர். ஊர் என்பது கலைந்தது. அவர் அதனைக் கூட்டு வடு என்றார். நம் மண்ணிலே மனநோய் வைத்தியர் தயா சோமசுந்தரம் அவர்கள் போரையும் பேரலையையும் ஒருசேர ஆராய்ந்து வற்புறுத்தியதும் இக்கருத்தே.

இதனை நம் கரையோடு பொருத்திப் பார்ப்போம். 2004ஆம் ஆண்டு மார்கழியிலே போர்நிறுத்தம் நடைமுறையில் இருந்தது. பேரலையின் பின் வடக்கு கிழக்கிலே கரையிலிருந்து 200 மீற்றர் வரையும், தெற்கே 100 மீற்றர் வரையும் வீடு கட்டல் ஆகாதென அரசினர் வரையறுத்தனர், பின்னர்த் தளர்த்தினர். கடற்றொழிலாளர் குடும்பம் கடலை விட்டு நீங்கிக் கொட்டிலில் இருந்தது. நிவாரணப் பொதுக்கட்டமைப்புக்கு 2005 ஆனியில் உடன்பாடு எழுதப்பட்டது. அடுத்த மாதமே உயர்நீதிமன்றம் அதன் முக்கிய பகுதிகளுக்கு இடைக்காலத் தடை விதித்தது. 2006 ஆவணியில் ஏ9 பாதை மூடப்பட்டது, போர் மீண்டது. 2009 வைகாசி வரை அது நின்றிலது. அலைக்குத் தப்பிய பத்து வயதுப் பிள்ளை, போர் முடிந்தபோது பதினைந்து வயதினன். அவனுக்கு அலை ஒரு நாள். அதன் பின் நேர்ந்தவை ஐந்து ஆண்டு. இருபது ஆண்டு கழிந்து ‘பேரலையின் விளைவு யாது?’ என அவனை வினாவுவோர் எதனை எதனின்றும் பிரித்தெடுப்பர்?

ஆகவே, பேரலை பிள்ளைகளை நிலையாகக் கெடுத்தது என்பதும், பிள்ளைகள் தாமே தேறிவிட்டனர் என்பதும் ஒரே பிழையின் இரு முகங்கள் என்பது என் கருத்து. இரண்டும் அலையையே நோக்குகின்றன; அலை வடிந்த பின் அப்பிள்ளையைச் சூழ்ந்து நின்றவர் யாவர், நில்லாது போனவர் யாவர் என்பதை நோக்குவதில்லை. களவியலுரை ஆண்டையும் அரசரையும் எண்ணியதும், மூன்றாம் வாரத்து வினாக்கொத்து அறிகுறிகளை எண்ணியதும் இவ்வகையில் நெருங்கிய உறவின.

வினாக்கொத்தை இகழ்வது என் நோக்கமன்று. மேலை மருத்துவம் நம்மூருக்குப் புதியதுமன்று. அமெரிக்க மிஷனைச் சேர்ந்த ஜோன் ஸ்கடர் 1820 அளவிலே பண்டத்தரிப்பில் இருந்து வைத்தியம் செய்தவர். ஏதன் வாட்டேர்ஸ் என்னும் எழுத்தாளர் 2010இல் வெளியிட்ட நூலின் ஓர் இயலில், பேரலையோடு மேலைநாட்டு மனவடுக் கோட்பாடும் இலங்கைக்குள் வந்து புகுந்தது எனச் சாடுவர். அவர் எடுத்துக்காட்டும் காயத்திரி பெர்னாண்டோ என்னும் உளவியலாளர், இந்நாட்டவர் தம் துயரை உள்ளத்துள் நிகழும் ஒன்றாகக் கூறுவதினும் உறவுக்குலைவாகவே பெரிதும் கூறுவர் எனக் கண்டவர். தாயை இழந்தவன் ‘எனக்குக் கனவு வருகிறது’ என்பதற்கு முன், ‘தங்கச்சியைப் பார்க்க ஆளில்லை’ என்பான். இது நாம் எல்லோரும் அறிந்ததே. ஆயினும் வாட்டேர்ஸின் சாடலை யான் முழுதும் ஏலேன். வினாவியவர் வராதிருந்தால் மணற்காட்டுப் பிள்ளையின் சொல் எந்த ஏட்டிலும் ஏறியிராது. நம் பல்கலைக்கழகமும் கல்லூரிகளும் பேரலையைப் பற்றி நினைவு மலர் பல வெளியிட்டன. பிள்ளைகளின் சொல்லைக் கேட்டு எழுதியவை அவற்றுள் எத்தனை?

நினைவு மலர்க் கவிதைகளைப் பற்றி இங்கே சிறிது கூறல் வேண்டும். 2005ஆம் ஆண்டிலே ஈழத்திலும் தமிழகத்திலும் எழுந்த பேரலைப் பாடல்கள் எண்ணில. அவற்றுட் பெரும்பாலன கடலை முன்னிலைப்படுத்தி, தாயே என விளித்து, நீயா இவ்வாறு செய்தாய் என வினாவுவன. குழந்தை அவற்றிலே தவறாது வரும். ஒரு பொம்மையாக, ஒற்றைச் செருப்பாக, மணலிற் பாதி புதைந்த புத்தகப் பையாக. உயிரோடு வருவது அரிது. உயிரோடு வந்தாலும் கண்ணீர் துளிர்க்க அடிவானத்தை நோக்கி நிற்குமேயன்றி, சோறு பிடிக்கவில்லை என்று மாமியோடு பிணங்காது. புதுப் பாடசாலையிலே அடிபடாது. இரவிலே படுக்கையை நனைத்துவிட்டு விடியுமுன் பாயை ஒளிக்காது. அக்கவிஞர்களின் துயர் பொய்யன்று. ஆனால் குழந்தை அவர்தம் துயருக்கு உவமையாயிற்று; தனக்கென ஒரு நாட்பொழுது இல்லாதாயிற்று.

இதற்கு மாறாக ஒரு நூலைக் கூறலாம். யால கடற்கரையிலே கணவனையும் புதல்வர் இருவரையும் பெற்றோரையும் ஒருங்கே இழந்த சோனாலி தெரணியகல 2013இல் வெளியிட்ட ‘அலை’ என்னும் ஆங்கில நூலிலே, அலை வருவதும் போவதும் தொடக்கத்துச் சில பக்கங்களே. எஞ்சியன எல்லாம் அதன் பின் வந்த ஆண்டுகள். அவ்விகிதமே அந்நூலின் உண்மை. ஆயினும் அது தாயின் குரல். பிழைத்த பிள்ளையின் குரலிலே, தமிழிலே, அத்தகைய நூலொன்று வரும் காலம் இது, அன்றைய பத்து வயதினர் இன்று முப்பதைத் தொட்டவர், தாய் தந்தையர், சிலர் ஆசிரியருங்கூட.

அங்ஙனமாயின், பிள்ளையைப் பேசவைத்தலே மருந்து என்பதா? யானும் சிலகாலம் அவ்வாறே கருதினேன். கட்டானியும் அவரோடு சேர்ந்த உள்ளூர்த் துணைவரும் 2009இல் வெளியிட்ட ஆய்வொன்று அக்கருத்தைச் சிறிது அசைத்தது. பேரலைக்குப் பின் அகதி முகாமிலிருந்த 31 பிள்ளைகளை இரு பகுதியாக்கி, ஒரு பகுதியினரைத் தம் வாழ்க்கைக் கதையைத் தொடக்கத்திலிருந்து விரித்துரைக்கச் செய்தனர். மறுபகுதியினருக்குத் தியானமும் தளர்வுப் பயிற்சியும் கற்பித்தனர். ஒவ்வொருவருக்கும் ஆறு அமர்வு. ஆறு மாதத்தின் பின் முதற்பகுதியினருள் நூற்றுக்கு 81 பேரும், மறுபகுதியினருள் 71 பேரும் தேறியிருந்தனர். தொகை சிறிது, பெரிய முடிபு கொள்ளல் தகாது. எனினும் கதை சொன்னவனும் தேறினான். கண்ணை மூடி மூச்சை நோக்கியிருந்தவனும் தேறினான். இருவருக்கும் பொதுவாயிருந்தது யாது? அமர்வுதோறும் அவன் முன் ஒருவர் வந்து அமர்ந்தமை என்றே எனக்குத் தோன்றுகின்றது. ஆய்வாளர் அவ்வாறு கூறவில்லை. இஃது ஓர் ஆசிரியனின் ஊகம். ஆர்மேனியாவிலே 1988ஆம் ஆண்டுப் பூகம்பத்தின் பின் பாடசாலையிலேயே துணை பெற்ற மாணாக்கர் தேறிவர, அத்துணை பெறாதார் நலிந்தனர் எனக் கோஎஞ்சியன் என்பார் கண்டதும் என் ஊகத்துக்கு இசைவாகவே உள்ளது.

இனி என் வகுப்புச் சிறுவனிடம் மீள்கின்றேன். ‘கடற்கரையில் ஒரு மாலை’ எழுதிய மறுவாரம் அவன் மூன்று நாள் பாடசாலைக்கு வரவில்லை. மாமன் வந்து, இரவில் நித்திரையில்லை, மழை இரைந்தால் எழுந்து தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு வாசலில் நிற்கிறான் என்றார். யான் அக்கட்டுரையை மீண்டும் எடுத்து வாசித்தேன். செங்கதிரோனும் சிப்பியும் நண்டும் அவன் தேறியதைக் காட்டவில்லை. அவன் உள்ளத்தை மறைத்த திரையுமல்ல என இப்போது எண்ணுகின்றேன். நாம் தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகளுக்குக் கற்பித்துவரும் அச்சொற்றொடர்கள், எவருக்கும் சொந்தமல்லாத அச்சொற்கள், அன்று அவனுக்கு ஒதுங்கியிருக்க ஓர் இடம் தந்தன. கடைசி வாக்கியத்தை மட்டும் மறுபடி மறுபடி வாசித்தேன். ‘யாம் மகிழ்வோடு வீடு திரும்பினோம்’. ‘யாம்’ என்பதில் யாவரெல்லாம் அடங்குவர் என்பதை அவனிடம் கேட்க எனக்கு உரிமையில்லை.

அதன் பின் அத்தலைப்பை எந்த வகுப்பிலும் யான் கொடுத்ததில்லை. உடன் கற்பித்த நண்பர் ஒருவர் இதனை ஏற்கமாட்டார். கடலை மட்டும் நீக்கினால், பிள்ளைகள் ஏன் நீக்கப்பட்டதென்று அறிவர். அறிந்தால், நாம் அவர்களைக் கண்டு அஞ்சுகின்றோம் என்பதையும் அறிவர் என்பது அவர் வாதம். அவர் ஆண்டுதோறும் அத்தலைப்பைக் கொடுத்தே வந்தார். கட்டுரைகளைத் திருத்தும்போது வாக்கியப் பிழைகளை மட்டும் திருத்தி, மற்றையதை விட்டுவிடுவார்; எவனாவது ஏட்டைக் கொடுத்த பின்னும் மேசையருகே நின்றால், நாற்காலியொன்றை இழுத்துப் போடுவார். அவர் வாதத்துக்கு விடை கூற யான் பலமுறை முயன்றேன். இன்றுவரை கூறவில்லை.